பூனை தூங்க இடம் தராத அடுப்பு

சிலிண்டர் விலை ஏறுகிற மாதமெல்லாம் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரைக்கும் கொல்லைப்புறத்தில் யாராவது ஒருவர் செங்கல் இறக்குகிறார். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு, அதில் புகைக்கூண்டு வைத்த செங்கல் அடுப்பு. நல்ல யோசனைதான். சீமைக்கருவை விறகுக்கு நம் பக்கம் பஞ்சம் கிடையாது, பனைமட்டையும் தென்னைமட்டையும் சும்மா கிடக்கின்றன. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால் கைபேசியில். வெளியே பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊர், உள்ளே ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுப்பு, நடுவில் இரும்புக் கதவு, அழகாகத் தீ எரிகிறது. கொத்தனாரிடம் அதைத்தான் காட்டுகிறார்கள்.

"இதே மாதிரி கெட்டித் தந்துருங்கண்ணே."

"கெட்டிரலாம் மதினி. கல்லு முந்நூறு புடிக்கும், பாத்துக்கங்க."

முந்நூறு கல்லும் வருகிறது, நாலடி நீளத்தில் ஒன்பது அங்குலச் சுவர் வைத்து அடுப்பும் எழுகிறது. பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் மேல் வெங்காயக் கூடையும் பழைய செய்தித்தாளும் இருக்கும், சமையல் மறுபடி கேஸில் நடக்கும். "விறகு ரொம்பத் தின்னுது, புகை உள்ளேயே நிக்குது, வெக்கை தாங்கல." மூன்று புகாருக்கும் கொத்தனாரைத் திட்டுவார்கள், இல்லையென்றால் விறகைத் திட்டுவார்கள். கல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்குச் சந்தேகமெல்லாம் அந்தக் கல்லின் மேல்தான்.

ரஷ்யாவிலும் பின்லாந்திலும் கட்டுகிற அந்தச் செங்கல் அடுப்பு சமைப்பதற்காக மட்டும் கட்டியதில்லை. அது வீட்டைச் சூடாக வைக்கிற பொருள். ஒரு டன்னுக்கு மேல் கல் வைத்து, புகைவழியை உள்ளுக்குள்ளேயே மேலும் கீழும் வளைத்து வளைத்து விடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் மும்முரமாகத் தீ எரிப்பார்கள். புகை வெளியேறுவதற்குள் அதன் சூட்டைக் கல் குடித்துவிடும். அதன்பிறகு விறகே வைக்காமல் இரவு முழுக்க அந்தக் கல் மெல்ல மெல்லச் சூட்டைக் கக்கும். ரஷ்ய அடுப்பின் மேலேயே படுக்க மேடை உண்டு, வீட்டுப் பெரியவர்கள் அதில் தூங்குவார்கள். நம்மூரில் அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று பொருள். அங்கே ஆளே தூங்குகிறார் என்றால் அடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதாக இருக்கிற ராமேசுவரம் பக்கத்தில் அந்த அடுப்பை எதற்குக் கட்டுவது?

கல் குடிக்கிற சூடு

கணக்குப் போட்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். ஒரு செங்கல் மூன்று கிலோ. பெரிய அடுப்பில் தீயை ஒட்டிச் சூடேறுகிற கல் மட்டும் அறுபது என்று வைத்துக்கொள்வோம், அது 180 கிலோ. ஒரு கிலோ செங்கல்லை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.2 கிலோகலோரி வேண்டும். சமையல் முடியும்போது அந்தக் கல் சராசரியாக 80 டிகிரி ஏறியிருந்தால், 180-ஐ 0.2-ஆல் பெருக்கி மறுபடி 80-ஆல் பெருக்கினால் 2,880 கிலோகலோரி. ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 350 கிலோகலோரி போதும். அதாவது சமையல் முடிவதற்குள் எட்டு உலைக்கான சூட்டைக் கல் வாங்கி வைத்துக்கொள்கிறது. காய்ந்த கருவை விறகில் முக்கால் கிலோவாவது கல்லுக்கே படையல். அந்தச் சூடு எங்கும் ஓடிப்போகாது. சமையல் முடிந்து மதியம் நீங்கள் சாப்பிட உட்காரும்போது அதே சாய்ப்புக்குள் வெளியே வரும். இரண்டு மணி நேரம் கழித்து அடுப்புச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், காலையில் வைத்த விறகு இப்போதுதான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விறகு வீணாவதோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற விறகு. அது எரிந்து தீர வேண்டுமானால் தீ இருக்கிற குழி 600 டிகிரிக்கு மேல் போயாக வேண்டும். கனமான கல் சூழ்ந்த குழியில் முதல் அரை மணி நேரம் சுவர் குளிர்ந்தே இருக்கும், அது சுவாலையைத் தொட்டுத் தொட்டு அணைக்கும். அந்த அரை மணி நேரம்தான் கண் எரிகிற நேரம். நம் வீடுகளில் சோறும் குழம்பும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கல் சூடாகி, புகை அடங்கி, அடுப்பு நன்றாக எரியத் தொடங்கும்போது சட்டியை இறக்குகிறோம்.

பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பு கனமாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது சரியான அடுப்பு. பதநீர் வற்றிப் பாகு பதம் வருவதற்கு மணிக்கணக்கில் எரிய வேண்டும், பருவம் முழுக்க நாள் தவறாமல் எரியும். முதல் அரை மணி நேரத்தில் கல் குடித்ததை மீதி நேரத்தில் ஈடுகட்டிவிடலாம். கல்யாண வீட்டுத் தேக்சாவுக்கும் அதே நியாயம். நாலு பேர் இருக்கிற வீட்டில் அந்த நியாயம் எடுபடாது.

மெல்லிய உள், சாம்பல் இடை

ஆகவே வீட்டு அடுப்பில் தீயைத் தொடுகிற பொருள் எவ்வளவு குறைவாக, எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கொல்லையில் கிடக்கிற பழைய ஓட்டுத் துண்டு இதற்குப் போதும். கடையில் தீக்கல் விற்கிறார்கள், அது தாங்கும், ஆனால் செங்கல்லைவிடக் கனம். கொல்லனின் உலைக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

அளவு இப்படி. வெளிப்பெட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், பதினாலு அங்குல உயரம். செங்கல்லை ஒருக்களித்து வைத்தால் சுவர் மூன்று அங்குலம்தான் வரும், மூன்று வரியில் உயரம் நிரம்பிவிடும். சுமார் 28 கல். இந்தப் பெட்டிக்குள் ஐந்து அங்குலச் சதுரத்தில் தீக்குழியை ஓட்டுத் துண்டும் மண்ணும் சேர்த்து ஒரு அங்குலக் கனத்தில் எழுப்ப வேண்டும். குழிச் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் இடம் விட்டு அதில் சலித்த சாம்பலைக் கொட்டுங்கள், உமிச்சாம்பல் கிடைத்தால் இன்னும் நல்லது. இடிக்கக் கூடாது, தட்டி அமர்த்தினால் போதும். சூட்டைத் தடுப்பது சாம்பலுக்குள் இருக்கிற காற்று, இடித்து இறுக்கினால் அது போய்விடும். மணலைக் கொட்டுகிற ஆட்களும் உண்டு. மணல் கல்லைப் போலவே சூட்டைக் குடிக்கும், செய்த வேலை அத்தனையும் வீண். இந்தக் குழியில் சூடேறுகிற ஓடு 12 கிலோ இருக்கலாம். அது 350 டிகிரி ஏறினாலும் 840 கிலோகலோரிதான் வாங்கும். பத்து நிமிடத்தில் குழி சிவந்து, புகை அடங்கிவிடும்.

விறகு நேரே தரையில் கிடக்கக் கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே நாலைந்து துண்டுக் கம்பி, பத்து மில்லி முறுக்குக் கம்பி போதும். அடியில் காற்றுப் போகும், மேலே விறகு எரியும், சாம்பலைக் கரண்டியால் வழித்துவிடலாம். கம்பியின் இரு முனையையும் மண்ணில் பதித்துப் பூசினால் ஒரு மாதத்தில் சுவர் பிளந்துவிடும், ஏனென்றால் இரும்பு சூட்டில் நீளும். நகக்கண் இடம் விட்டு வெறுமனே சொருகி வைக்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி எப்படியும் அரித்துப்போகும், உருவி மாற்றவும் அதுதான் வசதி.

கம்பியிலிருந்து சட்டியின் அடி வரைக்கும் எட்டு அங்குலம். அதற்குக் குறைந்தால் சுவாலை பாதியிலேயே சட்டியில் மோதிக் கரியாகும், மிகவும் கூடினால் சூடு வந்து சேராது. புகைக்கூண்டு வைக்கிற அடுப்பில் மேலே சட்டியைத் தாங்குகிற குமிழ் வைக்கக் கூடாது என்பதைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள். மூன்று குமிழுக்கு நடுவே இருக்கிற சந்து வழியாகக் கூண்டு குளிர்ந்த காற்றை இழுக்கும், தீ சோம்பிவிடும். குழியின் மேல்பக்கத்தைச் சட்டி அளவுக்கு அகலமாக்கி, சட்டி நாலு அங்குலம் அதற்குள் இறங்கி, விளிம்பு அடுப்பின் மேல் உட்கார்ந்து அடைக்க வேண்டும். உள்ளே சட்டியைச் சுற்றி அரை அங்குலச் சந்து, சுண்டுவிரல் நுழைகிற அளவு. அதைவிடக் குறுகினால் புகை திணறி வாய் வழியாக வரும், ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் சூடு சட்டியைத் தொடாமலே பக்கத்துக் குழியான கொடியடுப்புக்கு ஓடும். வீட்டில் இருக்கிறதிலேயே அகலமான உலைப்பானைக்குக் குழியை வெட்டிவிட்டு, குழம்புச் சட்டிக்கு அதே மண்ணில் ஒரு வளையம் செய்து காயவைத்துக்கொள்வது வழக்கம்.

உப்பு, சிப்பி, சிமெண்ட்

மண்தான் கடற்கரையில் பெரிய தலைவலி. வாசலில் மலைபோல் மணல் இருக்கும்போது ஆற்று மணலைத் தேடி அலைவானேன் என்று கடல் மணலைக் கலந்துவிடுகிறார்கள். அதில் இரண்டு கேடு இருக்கிறது. ஒன்று உப்பு. அது காற்றின் ஈரத்தை வாங்கி, காய்ந்து, மறுபடி வாங்கி, பூச்சைப் பொரிய வைக்கும். இரண்டாவது சிப்பித் தூள். சிப்பி சுண்ணாம்புக்கல் ஜாதி, தீயில் வெந்தால் நீறாத சுண்ணாம்பாகிவிடும். அடுப்பு அணைந்த இரவில் கடற்காற்றின் ஈரம் பட்டதும் அது நீற்று ஊதும், பூச்சில் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். பழைய வீட்டை இடித்த பவளப்பாறைக் கல்லை அடுப்புக்குள் வைத்தாலும் இதே கதை, முழுக் கல்லே உதிரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு புதிதாகப் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம், இடிபாட்டில் கிடைப்பதையாவது திண்ணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட்டும் உள்ளே ஆகாது. 400 டிகிரியைத் தாண்டினால் சிமெண்ட்டைப் பிடித்து வைத்திருக்கிற சேர்மானம் தண்ணீரை இழந்து உடைய ஆரம்பிக்கும், அதில் இருக்கிற சுண்ணாம்பு குளிர்ந்தபின் ஈரத்தை வாங்கி ஊதும். "உள்ளேயும் ஒரு பூச்சு சிமெண்ட் போட்டா உறுதியா இருக்கும்ல" என்று கேட்டுப் போடச் சொன்ன வீட்டில் ஒரு மழைக்காலத்துக்குள் பூச்சு பாளம் பாளமாகக் குழியில் விழுந்து கிடக்கும். வெளிச்சுவருக்குச் சிமெண்ட் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், சாம்பல் நடுவில் இருப்பதால் அங்கே சூடு போகாது.

உள்ளே பூச நல்லது கண்மாயில் படிகிற களிமண்ணான கரம்பை, அல்லது புற்றுமண். இரண்டு பாண்டு (கொத்தனார் கலவை சுமக்கிற சட்டி) கரம்பையை இரண்டு நாள் ஊறப்போட்டு, நாலு பாண்டு சலித்த செங்கல் பொடியும் விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோல் ஒரு பாண்டும் சேர்த்து மிதிக்க வேண்டும். மணலுக்குப் பதில் செங்கல் பொடி ஏன் என்றால், அது ஒருமுறை சூளையில் வெந்த பொருள், இரண்டாவது சூட்டில் பெரிதாக நீளாது சுருங்காது. கரம்பைக்குக் கரம்பை குணம் மாறும் என்பதால் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மூன்று பதத்தில் எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். வெடித்தால் கரம்பை அதிகம், நகத்தால் சுரண்டும்போது உதிர்ந்தால் பொடி அதிகம். இரண்டும் இல்லாத உருண்டை எதுவோ அதுவே உங்கள் கலவை. மூன்று நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடிப் புளிக்க விட்டால் மண் கையில் வெண்ணெய் மாதிரி வரும்.

குழைக்கிற தண்ணீரில்தான் மனசு வராது. குடிதண்ணீரைக் குடம் விலைக்கு வாங்குகிற ஊர்களில் முப்பது லிட்டரை மண்ணில் கொட்டச் சொன்னால் வீட்டுக்காரி முறைப்பார். ஆனால் கொல்லைக் கிணற்றின் உவர்நீரில் குழைத்தால் கடல் மணலை விலக்கிய பலன் அத்தனையும் போச்சு. ஊரணித் தண்ணீர் இருந்தால் அது போதும். செங்கல்லையும் ஒன்றிரண்டு எடுத்து ஒரு தட்டில் ஒரு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் வற்றியபின் மேலே வெள்ளை பூத்தால் அந்தச் சூளைக் கல் வேண்டாம். அடுப்பின் அடியிலும் உப்பு ஏறும். ஒன்பது அங்குலம் தோண்டி உடைகல் போட்டு இடித்து, அதன்மேல் கனமான பாலிதீன் விரித்துவிட்டுத்தான் முதல் வரி.

காற்று எந்தப் பக்கம்

புகைக்கூண்டில் எல்லோரும் உயரத்தை நினைக்கிறார்கள், அகலத்தை விட்டுவிடுகிறார்கள். அடுப்பு வாய் ஐந்துக்கு ஐந்து என்றால் 25 சதுர அங்குலம். நாலு அங்குலக் குழாயின் துவாரம் பன்னிரண்டரை, ஆறு அங்குலக் குழாய் என்றால் 28. எட்டுக்கு எட்டு வாய் வைத்து, அதாவது 64 சதுர அங்குலத்துக்குக் காற்றை உள்ளே விட்டு, நாலு அங்குலக் குழாயில் வெளியே போகச் சொன்னால் மீதி எங்கே போகும்? கட்டை விறகை முழுசாகத் திணிக்க ஆசைப்பட்டு வாயைப் பெரிதாக்குவதால் வருகிற வினை. விறகைப் பெருவிரல் கனத்துக்குப் பிளந்து வையுங்கள்.

கூண்டின் முதல் மூன்றடியைச் செங்கல்லில் கட்டிவிடலாம். நாலு கல்லை ஒன்றன் தலை மற்றொன்றின் இடுப்பில் இடிக்கிற மாதிரிக் காற்றாடியாக, ஒருக்களித்து வைத்தால் நடுவில் சரியாக ஆறு அங்குலச் சதுரம் கிடைக்கும், கல்லை வெட்டவே வேண்டாம். எட்டு வரி, 32 கல். அதற்கு மேல் ஆறு அங்குல மண்குழாய். தகரக் குழாய் விலை குறைவுதான், ஆனால் வெளியே உப்புக்காற்று, உள்ளே புகையின் புளிப்பு, இரண்டும் சேர்ந்து தின்றுவிடும். பனையோலைக் கூரையை ஓட்டை போட்டுக் குழாயைக் கொண்டுபோவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலை விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, கூரை உச்சிக்கு மேல் இரண்டடி ஏற வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஆடியில் புகை திரும்புகிற வீடு உண்டு. மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது என்று மேற்குச் சன்னலை இறுக்க மூடிவிட்டு, வெளிச்சத்துக்குக் கிழக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். வீட்டைச் சுற்றி ஓடுகிற காற்று கிழக்குக் கதவு வழியாக உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சும். உறிஞ்சின இடத்தை நிரப்பக் காற்று வர வேறு வழியில்லை, கூண்டு வழியாக இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. அடைப்பு என்று நினைத்துக் குச்சியைவிட்டுக் குத்திக்கொண்டிருப்பார்கள். கிழக்குக் கதவைச் சாத்தி மேற்குச் சன்னலை நாலு விரல் திறந்தால் அடுத்த நிமிடம் புகை மேலே போகும். வாடைக் காலத்தில் இதையே திருப்பிப் போட்டு வடக்கைத் திறக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை, பாய் விரித்துப் பழகினவர்கள் காற்று வருகிற பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்துப் பாருங்கள், அதன் புகை உள்ளே இழுபட்டால் விறகை வைக்கலாம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மட்டும் எரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிடத் தெரியாத நச்சுக்காற்று கெடுதல்.

காயவைக்கிற நாட்களில் அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள் ஈரச் சாக்கு, பிறகு நிழலில் பத்துப் பதினைந்து நாள், ஐப்பசி கார்த்திகையில் கட்டினால் மூன்று வாரம். உள்ளே ஈரம் இருக்கும்போது பெருந்தீ வைத்தால் நீராவி பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். முதல் நாள் பன்னாடையும் நாலு சிரட்டையும் மட்டும், மறுநாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் உலை. மயிரிழை வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், சாணமும் கரம்பையும் கரைத்து மெழுகினால் மூடிக்கொள்ளும். நகம் நுழைகிற வெடிப்பு என்றால் சுரண்டி எடுத்து, நனைத்து, அதே கலவையை அடைக்க வேண்டும்.

விறகு விஷயத்தில் ஒன்றுதான். பச்சைக் கருவையில் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கும், பிளந்து சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மாதம் போட்டுவிட்டு, இரண்டு துண்டைத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். உடைந்த வள்ளத்துப் பலகை சும்மா கிடைக்கிறதே என்று எரிக்காதீர்கள், பெயின்ட்டும் உப்பும் ஊறினது, சட்டியில் படிந்து சோற்றுக்கு வரும்.

கூண்டின் அடி வரியில் ஒரு கல்லை மட்டும் பூசாமல் சொருகி, சந்தில் சாணம் அப்பி வையுங்கள். மாதம் ஒரு முறை அதைப் பிடுங்கி, மேலிருந்து ஒரு கயிற்றில் பன்னாடைச் சுருளைக் கட்டி இறக்கி இழுத்தால் கரி அந்த ஓட்டை வழியாக முறத்தில் விழும். பொடியாக விழுந்தால் விறகு காய்ந்திருக்கிறது. தார் மாதிரிப் பிசுபிசுத்தால் விறகுக் கட்டை வெயிலில் எடுத்துப் போடுங்கள்.